முத்லா கணவாயில் ஒரு ஹாரன்

அபாயச் சங்கு ஊதுகிறது. எதிர்மேட்டு ராணுவக் கூடாரத்து ஒலிபெருக்கியில் இருந்து. ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. வடக்கே எதுவோ வெடிக்கிறது. முதலில் உள்ளங்காலில் தெரிகிறது. அப்புறம்தான் காதுக்கு வருகிறது. சோதனைச் சாவடிச் சிப்பாய்கள் விஷவாயு முகமூடியை மாட்டிக்கொண்டு பள்ளத்தில் குதிக்கிறார்கள். கணவாயில் இருக்கும் மனிதர்கள் எல்லாரும் பதுங்க இடம் தேடுகிறார்கள். என் ஆடுகள் மட்டும் சங்குச் சத்தத்தை நோக்கி ஓடுகின்றன.

"பழனி! மறிடா! மறி!"

2003, மார்ச். குவைத். ஈராக் சண்டை தொடங்கிய வாரம்.

முத்லா மேடு என்றால் நம் ஊர் மலையில் பாதிகூட இல்லை. ஆனால் தட்டையான பாலைவனத்தில் ஆட்டுக்கு அதுதான் மலை. அதை வெட்டிப் போகும் வழிதான் கணவாய். மழை விழுந்ததும் மந்தையை அதன் வழியாக வடக்கே ஓட்டிப் போவோம். கோடை வெயில் ஏறுவதற்குள் அதே வழியாகத் தெற்கே பட்டிக்கு இறக்குவோம். நானும் பழனியும். நான் கமுதிப் பக்கம். அவன் அறந்தாங்கிக்காரன், ஊரில் பெயிண்டர். ஆட்டைத் தொட்டதே இங்கே வந்துதான்.

மற்ற மந்தைகள் எல்லாம் எப்போதோ இறங்கிவிட்டன. வடக்கே யாரும் இருக்கக் கூடாது என்று போலீஸ் வந்து சொல்லிவிட்டுப் போனது. எங்கள் கஃபீல், விசா கொடுத்த அரபி முதலாளி, அவர்தான் இறங்கவிடவில்லை. அந்த வருஷம் நல்ல மழை. புல் இருந்தது. புல் இருக்கும்வரை இருங்கள் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். தலைக்கு மேல் விமானம் போகிறது ஐயா என்றால், அது உன் மேல் போடாது என்பார். என்ன செய்ய? மந்தை அவருடையது, பாஸ்போர்ட் அவர் பெட்டியில்.

ஒரு நாள் காலையில் அவரே அழைத்தார். குரல் மாறியிருந்தது.

"யல்லா, யல்லா! லாரி மாஃபி. நடந்து வா!"

லாரி இல்லையாம், எல்லாம் ராணுவத்துக்குச் சாமான் ஏற்றப் போய்விட்டதாம். அதுவரை எங்கே போயிருந்தது உங்கள் யல்லா, இந்த அவசரம் என்று கேட்க வாய் வரை வந்தது. மந்தை குறையாமல் பட்டி சேர்ந்தால் பழனிக்கு லீவு என்றும் சொன்னார். இரண்டு வருஷமாகத் தள்ளிப்போன லீவு. பழனி அன்றே அட்டைப் பெட்டியைக் கட்டிவிட்டான். ஆட்டுக்கு அடையாளம் பூசும் சிவப்புச் சாயத்தில், பெயிண்டர் கையெழுத்தில், தன் பெயரையும் அறந்தாங்கியையும் கொட்டை கொட்டையாக எழுதினான். அதைக் கழுதை முதுகில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

ஹாரன் விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நடந்தது புரியாது.

பாலைவனத்தில் தண்ணீர் டேங்கரில்தான் வரும். ஓட்டுகிறவர் ஒரு பதான் பாய். தூரத்தில் வரும்போதே ஹாரனை நீளமாக அழுத்துவார். மந்தை எங்கே சிதறிக் கிடந்தாலும் அந்தச் சத்தத்துக்கு ஓடிவந்து தொட்டியில் வாய் வைக்கும். எல்லா முகாமிலும் அப்படித்தான் பழக்குவார்கள். கோல் வேண்டாம், கூப்பாடு வேண்டாம். முன்னால் ஓடுவது மணி கட்டிய வெள்ளாட்டுக் கிடா. மணி அடித்து எல்லாரையும் கூட்டிப்போவதால் பழனி அதற்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்திருந்தான்.

"நம்ம ஊரு டவுன் பஸ்ஸுக்குக்கூட சனம் இப்புடி ஓடாதுண்ணே" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

பாதையை மூடிவிட்டதால் டேங்கர் வருவது நின்றுபோனது. நாங்கள் கணவாய் சேர்ந்தபோது ஆடுகளுக்கு நாக்கு தொங்கிவிட்டது. அங்கே போனால் சோதனைச் சாவடி. ராணுவ வண்டிகள் போகின்றன, தாண்டக் கூடாது. "மம்னூ! மம்னூ!" என்கிறான் சிப்பாய். தடையாம். வடக்கே இருக்காதே என்கிறான் ஒருவன். தெற்கே வராதே என்கிறான் இன்னொருவன். நடுவில் ஆகாயத்திலா நிற்பது? தண்ணீராவது கொடு என்றேன். கையை விரித்தான். காத்திருந்தோம்.

அப்போதுதான் சங்கு ஊதியது.

ஆட்டுக்குச் சங்கு தெரியுமா, ஹாரன் தெரியுமா? நீளமாக ஒரு சத்தம். சத்தம் என்றால் தண்ணீர். கண்டக்டர் காதைத் தூக்கியது. அவ்வளவுதான்.

எங்களுக்கும் எதிர்மேட்டுக்கும் நடுவே முள்கம்பி போட்ட நிலம். பழைய சண்டையில் புதைத்த கண்ணிவெடி இன்னும் அங்கே கிடக்கிறது. சிவப்புப் பூச்சு அடித்த கல் வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஆட்டுக்கு அது கல். கம்பி சாய்ந்து கிடந்த இடம் வழியாக உள்ளே போகின்றன. மந்தை மிரண்டு ஓடினால் முன்னால் போய்க் கிடாயைப் பிடி, மற்றது தானாக நிற்கும். நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன், எந்த ஆட்டுக்காரனும் அதைத்தான் செய்வான். பழனியும் ஓடுகிறான்.

"போகாதடா! கம்பிடா! பழனி, கம்பி!"

"கண்டக்டரப் புடிச்சிட்டு வந்துர்றேண்ணே!"

இந்தப் பக்கம் இருந்து ஒரு ஹாரன் அடித்தால் போதும். மந்தை திரும்பிவிடும். அவனும் திரும்பிவிடுவான். பக்கத்திலேயே ஜீப் நிற்கிறது. கதவைப் பிடித்து இழுக்கிறேன். பூட்டியிருக்கிறது. பள்ளத்துக்கு ஓடிக் கத்துகிறேன்.

"ஹாரன்! பாய், ஹாரன்! ஹாரன் அடி!"

முகமூடிக்குள் இருந்து இரண்டு கண்ணாடி வட்டம் என்னைப் பார்க்கிறது. எனக்கு முகமூடி வேண்டும் என்று நினைத்துக்கொண்டான் போல. இல்லை என்று கையை ஆட்டுகிறான். ஜீப்பைக் காட்டுகிறேன். கையால் அழுத்திக் காட்டுகிறேன். பீப், பீப் என்று வாயால்கூடக் கத்திக் காட்டினேன். அவன் என் சட்டையைப் பிடித்துப் பள்ளத்துக்குள் இழுத்துப் போட்டு, என் தலையை மண்ணோடு அழுத்திக்கொண்டான். என்னைக் காப்பாற்றுகிறானாம்.

மண்ணுக்குள் முகம் இருக்கும்போது கேட்டேன். ஒரு வெடி. உடனே இன்னொன்று. கொஞ்சம் பொறுத்து மூன்றாவது. மணிச் சத்தம் நின்றுபோனது.

சங்கு ஒரே சீராக ஊதி ஓய்ந்தது. ஆபத்து நீங்கியதாம். சிப்பாய் முகமூடியைக் கழற்றினான். வேர்த்துப்போன சின்ன முகம். என் தோளைத் தட்டிவிட்டு, என்ன வேண்டும் என்று உடைந்த இந்தியில் கேட்டான்.

"க்யா மாங்தா, பாய்?"

நான் ஜீப்பைக் காட்டினேன். அவன் போனான், கதவைத் திறந்தான், இதுவா என்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டே ஹாரனை அழுத்தினான்.

கம்பிக்குள் நின்ற ஆடுகள் தலையைத் திருப்பின. போன வழியிலேயே ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஜீப்பைச் சுற்றி நின்று டயரை நக்கின. கடைசி ஆடும் வந்தது. அதற்குப் பின்னால் யாரும் வரவில்லை.

சிப்பாய்க்கு அப்போதுதான் விளங்கியது. ஹாரனில் இருந்து கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தான். அடித்து என்ன? இன்னொருவன் வந்து அவன் கையைப் பிடித்து இறக்கினான்.

கஃபீல் வந்தார். அழுதார். பொய் அழுகை என்று சொல்ல மாட்டேன். எழுதி வைத்தது அவ்வளவுதான் என்றார். எழுதி வைத்தவனா லாரி மாஃபி என்றான்? புல் இருக்கிறது, இரு என்று சொன்னதும் அவனா? இதை அங்கேயே கேட்டேன். தமிழில் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை.

பிறகு என்னை நகரத்துப் பக்கம் அப்பாசியாவில் ஊர்க்காரர்கள் ரூமில் கொண்டுவந்து விட்டார்கள். விஷவாயுவுக்குப் பயந்து ஜன்னலுக்கு எல்லாம் டேப் ஒட்டியிருந்தார்கள். டிவியில் செய்தி ஓடியது. குவைத்தை நோக்கி வந்த ஏவுகணையால் யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை என்றார்கள். ரூமில் எல்லாரும் நல்லவேளை என்று மூச்சு விட்டார்கள்.

அது பொய். நான் கணவாயில் இருந்தேன். சேதத்தை நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

செம்மறி ஆறு. மணி கட்டிய வெள்ளாட்டுக் கிடா ஒன்று. அறந்தாங்கி பெயிண்டர் பழனி.