ஜெனரேட்டரை எடுத்தவன் அதைப் பத்திரப்படுத்திய விதம்

என் அடையாள அட்டையில் உள்ள பெயரை ஸ்டேஷன் ரைட்டர் ஐயா பார்த்து எழுதிக்கொண்டார். தெருவில் விசாரித்தால் குஞ்சுக்காரம்மா என்று சொன்னால்தான் தெரியும். வயது நாற்பத்தாறு. கணவர் காலமாகிவிட்டார். பழைய பால் டிப்போவுக்கு எதிர்ச்சந்தில் கடைசி வீடு, பச்சைக் கதவு. முன்னறையில் மெஷின் வைத்துக் கோழிமுட்டை பொரிக்கவைத்து, குஞ்சு விற்பது என் தொழில். என்னோடு இருப்பது என் தம்பி மட்டும்; நாற்காலி வாடகைக் கடைக்கு மைக் செட் கட்டும் வேலைக்குப் போகிறான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்கள். கேட்காததையும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளவும்.

கரண்ட் போனால் முட்டை ஆறிவிடும், ஆறினால் உள்ளே இருக்கும் உயிர் போச்சு. அதனால் கையால் தூக்கக்கூடிய ஜெனரேட்டர் ஒன்றைப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தேன். ஓட்டுவது எப்போதும் வெட்டவெளியில்தான், அதன் புகை வீட்டுக்குள் வந்தால் ஆளையே கொன்றுவிடும். மழைக்காலம் முடிந்ததும் அதைக் கட்டிவைப்பேன். டேங்கில் இருக்கும் பெட்ரோலை வடித்து, அதன் பிறகு மிச்சம் மீதி தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிட்டு, சூடு ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மாட்டி, எலி கூடு கட்டாதபடி புகைக்குழாயில் துணியை அடைத்து, அந்தத் துணியின் வாலை ஸ்டார்ட் செய்யும் கயிற்றின் பிடியில் முடிந்துவிடுவேன். துணியை எடுக்காமல் எவரும் கயிற்றை இழுக்க முடியாது. அது என் சொந்த யோசனை. மெக்கானிக் பார்த்துச் சிரித்தார், சிரித்துவிட்டுப் போகட்டும்.

காணாமல் போனபோது அது அப்படிக் கட்டி வைக்கப்படவில்லை. மழைக்காலம் என்பதால் டேங்க் நிறைய பெட்ரோலோடு, குழாயில் துணி இல்லாமல் தயாராக நின்றது. காலையில் போய்ப் பார்த்தால் கொட்டகை காலி, பூட்டு உடையவில்லை. சாவி அடுப்படி ஆணியில் தொங்கும். தினமும் கேனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிவரை வருகிறவர் தண்ணீர் கேன்காரர். இதை விற்பதாக இருந்தால் சொல்லுங்கள் என்று ஒருமுறை கேட்டவரும் அவர்தான். ஆகவே அவர்மேல் சந்தேகம் என்று இதே ஸ்டேஷனில் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொடுத்தேன். தம்பி பக்கத்தில்தான் நின்றான்.

அதன் பிறகு நாற்காலி வாடகைக் கடையின் பின்னறையில், அங்கேயும் தண்ணீர் போடும் கேன்காரர் அடுக்கிவைத்திருந்த காலி கேன்களுக்குப் பின்னால் ஜெனரேட்டர் கிடைத்தது என்று சொல்லி அவரைப் பிடித்துவந்தார்கள். மறுநாள் அவர் மனைவியே கேனைச் சுமந்துவந்து இறக்கினாள். திட்டுவாள் என்று நின்றேன், திட்டவில்லை. "இத்தனை வருசமா அவரு கையால தண்ணி குடிச்சிருக்கீங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொருளை அடையாளம் காட்ட இன்று காலை என்னை வரச்சொன்னார்கள். ஸ்டேஷன் முற்றத்தில் மழைச்சாரலில் அது நனைந்துகொண்டிருந்தது. முதலில் அதைக் கூரைக்குள் நகர்த்தச் சொல்லி, நகர்த்தியபின்தான் தொட்டேன். டேங்கைத் திறந்தேன், ஒரு சொட்டு இல்லை. பிளக்கைக் கழற்றினேன், புது ஆயில் மினுங்கியது. புகைக்குழாயில் துணி, துணியின் வால் கயிற்றுப் பிடியில், அதே முடிச்சு. கேன்காரர் இந்த ஜெனரேட்டர் ஓடிப் பார்த்திருக்கிறார், நான் அதைக் கட்டிவைத்துப் பார்த்ததில்லை. ஒவ்வொரு வருடமும் எனக்குப் பக்கத்தில் குந்தி ஆயில் கரண்டியைப் பிடிக்கிறவன் ஒரே ஒருவன். கையெழுத்துப் போடுங்கள் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். வீட்டுக்குப் போய்விட்டு வந்து போடுகிறேன் என்றேன்.

வீட்டில் தம்பி மெஷினைத் திறந்து முட்டைகளைத் திருப்பிவைத்துக்கொண்டிருந்தான். வளைத்துப் பேசுவது என் பழக்கமில்லை.

"பெட்ரோலை ஏன்டா வடிச்சே?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "வடிக்காம வச்சா கெட்டுப்போயிடும்னு நீதானேக்கா சொல்லுவே."

அதன் பிறகு எல்லாம் சொன்னான். சொந்தமாக மைக் செட் வாடகைக்கு விட ஆசைப்பட்டு, ஜெனரேட்டரை இரவல் கேட்டிருக்கிறான், மழைக்காலத்தில் தரமுடியாது என்று நான் விரட்டியிருக்கிறேன். எனக்குத் தெரியாமல் எடுத்து, ஒரு கல்யாணத்துக்கு ஓட்டி, திருப்பி வைப்பதற்குள் நான் புகார் கொடுத்துவிட்டதால் பயந்து ஒளித்துவைத்திருக்கிறான். கேன்காரரை எப்படியும் விட்டுவிடுவார்கள் என்று இருந்தானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை நான் அடித்ததில்லை, இன்று அடித்தேன். அதையும் எழுதிக்கொள்ளவும்.

கேன்காரர்மேல் நான் கொடுத்த புகார் தவறு, அவர் நிரபராதி. எடுத்தவன் என் கூடப்பிறந்தவன். அவனைக் கையோடு கூட்டிவந்து லாக்கப்புக்கு நேர் எதிரே பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறேன். ஓடமாட்டான், நான் பொறுப்பு. முதலில் கேன்காரரை வெளியே விடவேண்டும். அவர் வரும்போது என் தம்பி எழுந்து நின்று அவர் முகத்தைப் பார்க்கவேண்டும், நானும் அவன் பக்கத்தில் நிற்பேன். அதன் பிறகு அதே கதவுக்குள் அவனை அனுப்பிக்கொள்ளலாம்.

எழுதியதை ரைட்டர் ஐயா வாசித்துக் காட்டினார். "தம்பி பேரைச் சேர்க்கறதை இன்னொரு தடவை யோசிச்சுக்கிறீங்களா?" என்று கேட்டார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். சொன்னது அத்தனையும் உண்மை, எவரும் வற்புறுத்தவில்லை, திருத்தம் எதுவும் இல்லை.

(கையொப்பம்)