மஞ்சள் தோய்ந்த வலையை மறுபடி சோதித்தவர்

கடலறியா ஈஜோக் தோட்டத்தில் பிறந்து, கரைகாணாக் கடலில் கடமை செய்து, முட்டி தேய முப்பத்து நான்கு ஆண்டு உழைத்து இன்று ஓய்வுபெறும் ஐயா ரவீந்திரன் அவர்களே! நூலைத் தொட்டதும் வலையின் நிறைகுறை சொல்லும் நுண்ணறிவாளரே! வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தேநீர் குடிக்கும் சாக்கில் எழுந்து போவது தங்கள் வழக்கம். ஆகவே மரபைச் சற்றே மீறி, யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறோம். உட்கார்ந்து கேளுங்கள்.

குவாலா சிலாங்கூர் வலைச் சோதனைப் பிரிவில் ஒருவர் இருந்தார். எந்த நூலில் பின்னிய வலை எவ்வளவு மீன் பிடிக்கும் என்று பார்ப்பது அவர் வேலை. நைலான் வலை மெல்லியது, வளைந்து கொடுப்பது, நீருக்குள் கண்ணுக்குத் தெரியாதது. அதனால் மீனை அள்ளியது. ஆனால் அறுந்து கடலோடு போனால் அது மக்காது. ஆளில்லாத அந்த வலையில் மீனும் நண்டும் வீணாய்ச் சிக்கிச் செத்துக்கொண்டே இருக்கும். இதற்கு மாற்றாக, நாளடைவில் மக்கிப்போகும் புதுநூல் வலை வந்தது. நைலானுக்கு ஈடாக அது மீன் பிடிக்குமா என்று பார்ப்பதே அவருடைய கடைசிச் சோதனை.

சோதனைக்கு முதல் நாள் அவர் துணைவியார் புஷ்பா கோயில் மஞ்சளைக் கையில் கொடுத்தார். "புதுச் சாமானுக்கு மஞ்ச வைக்காமலா கடல்ல எறக்குவீங்க?" நம்மவர் பெரிய பக்திமான் அல்லர். ஆனால் வாதாடவும் தெம்பில்லை. மஞ்சளை வாளித் தண்ணீரில் கரைத்து, நல்லதாகவே நடக்கட்டும் என்று புது வலை முழுவதையும் முக்கி எடுத்தார். நைலான் பழைய வலை என்பதால் அதற்கு மஞ்சள் இல்லை.

இரண்டையும் அருகருகே விரித்தார்கள். நைலானில் மீன் குவிந்தது. புது வலை வாரக்கணக்கில் ஏறக்குறைய வெறுமையாக வந்தது. பாசிர் பெனம்பாங் கிராமத்து மீனவர்கள் தலையசைத்தார்கள். இந்தக் கரைக்கு இவ்வலை ஆகாது என்று அறிக்கை தயாரானது. அவர் கையெழுத்துதான் பாக்கி.

அந்த வாரம் படகு என்ஜின் மக்கர் செய்தது. வழக்கமாக இருட்டிலேயே வலையை இழுத்து வாங்குகிறவர்கள், அன்று வெயில் ஏறிய பிறகுதான் போனார்கள். முகத்துவாரக் கலங்கல் தாண்டித் தெளிந்த நீர். அவர் குனிந்து பார்த்தார். நைலான் வலை கண்ணில் படவே இல்லை. அருகிலேயே புது வலை பளிச்சென்று மஞ்சளாகத் தெரிந்தது. எவ்வளவு அலசியும் போகாத மஞ்சள். நமக்கே தெரிகிறதே, மீனுக்குத் தெரியாதா என்று நினைத்தார்.

சொல்லாமல் விட்டால் நிம்மதியாக ஓய்வு. ஆனால் ஒரு நல்ல வலை அநியாயமாகத் தோற்கும். சொன்னால், ஆய்வு வலையை மஞ்சளில் முக்கியவர் என்று ஊர் சிரிக்கும். போதாததற்கு, வீங்கிய முட்டியோடு மறுபடி முதலிலிருந்து கடல். அவருக்கு மெய்யாகவே களைப்பாக இருந்தது.

படகோட்டி செல்லன் இரங்கிச் சொன்னார்: "இன்னும் கொஞ்ச மாசந்தான் சார். பேசாம கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கலா. மீனா வந்து சாட்சி சொல்லப் போவுது?"

"மீனு சொல்லிடுச்சு, செல்லன். அதான் வலையில விழலையே."

மேலதிகாரி அவர்மீது அன்பு கொண்டவர். "வரும்போதே மஞ்சளாகத்தான் வந்தது என்று எழுதிவிடலாமே" என்றார். அவர் ஒப்பவில்லை. கூட்டத்தில் எழுந்து, மஞ்சள் வைத்தது தாம்தான் என்றார். சிலர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை அவர் காத்திருந்து, வேறு புது வலை கேட்டார்.

பிறகு விடியுமுன் கடல், மதியம் கணக்கு, மாலையில் முட்டிக்குத் தைலம். புது வலை நைலானை வெல்லவில்லை. நூல் சற்று விறைப்பு, மீனைச் சுற்றிப் பிடிப்பது குறைவு. ஆனால் தூக்கி எறியும் அளவுக்குத் தோற்கவும் இல்லை. பாசிர் பெனம்பாங்கில் சில படகுகள் இந்தப் பருவத்துக்கு அதைக் கட்டிப் பார்க்கச் சம்மதித்திருக்கின்றன. சென்ற வாரம் அறிக்கையில் கையெழுத்திட்டுவிட்டு அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். நாங்கள் எழுப்பவில்லை.

ஐயா, அந்த ஒருவர் யாரென்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

பல்லாண்டு நோயின்றி வாழ வேண்டும் தாங்கள். அதற்கு முன்னதாக, நன்றாகத் தூங்க வேண்டும். இனி விடியுமுன் செல்லன் வாசலில் வந்து ஹாரன் அடிக்க மாட்டார். புஷ்பா அம்மையார் காப்பியோடு எழுப்பும்வரை படுத்திருங்கள். தங்கள் முட்டியும் மனமும் ஆறட்டும்.

இத்தனை ஆண்டும் தாங்கள் யார் கண்ணிலும் படாமலே வேலை செய்தீர்கள். இன்று தங்கள் தோளில் போர்த்தும் பொன்னாடை நல்ல மஞ்சள் நிறம். பளிச்சென்று தெரியட்டும் என்றுதான் வாங்கினோம்.

அன்புடன்,
வலைச் சோதனைப் பிரிவின் தமிழ் ஊழியர்கள்,
குவாலா சிலாங்கூர்