இல்லாத நாட்டுக் கோழி

பஸ்லி: ...இல்லாத நாடுதான் வேணுமாம், நிஷ்மியா. உலகத்துல எங்கயும் இருக்கக் கூடாதாம்.

நிஷ்மியா: இல்லாத நாட்டுல கோழி ரோஸ்ட் பண்றது எப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்?

பஸ்லி: எனக்கு மட்டும் தெரியுமா? ஹோட்டல்ல ஏழு நாள், ஒரு கிழமைக்குக் கற்பனை ராச்சியத்து விருந்து. கடல் பக்கம், பாலைவனம் ரெண்டையும் மத்த குக்மார் எழுதிட்டாங்க. மலைப் பக்கத்து முழுக்கோழி என் தலையில. முதல்ல மலைக்கு ஒரு பேர் சொல்லு.

நிஷ்மியா: பல்லேகம.

பஸ்லி: அடியே, அது இலங்கையில இருக்கிற ஊரு!

நிஷ்மியா: கத்தார்ல யாருக்குங்க தெரியப் போகுது?

பஸ்லி: அதுவும் சரிதான்... உள்ளுக்கு என்ன வைக்கலாம்?

நிஷ்மியா: மிளகு, சாதிக்காய், புளிப்புக்கு ஒரு துண்டு கொறக்கா. வெளிய கறுவா இலை சுத்தி, மெதுவான நெருப்புல...

பஸ்லி: இது நம்ம வீட்டுக் கோழிதானே.

நிஷ்மியா: ஏன், இல்லாத நாட்டுக்கு நம்ம வீட்டுச் சாமான் போகக் கூடாதா?

பஸ்லி: போகட்டும்... வாசம் இங்க வரைக்கும் வருது. ரெண்டு வருஷமாச்சு, அதைத் தின்னு.

நிஷ்மியா: எழுதுங்க. வேலையைப் பாருங்க.

பஸ்லி: எழுதிட்டேன். மெனு கார்ட்ல ஒரு கதையும் வேணுமாம். அந்த மலை ஆளுங்க இதை எப்பச் சாப்பிடுவாங்க?

நிஷ்மியா: ம்... அங்க ஆம்பிளைங்க எல்லாம் வெளிநாடு போயிருவாங்க...

பஸ்லி: ராசா காலத்துல ஏது வெளிநாடு?

நிஷ்மியா: சரி, ராசாவோட சண்டைக்குன்னு வச்சுக்கங்க. புருஷன் இந்த நாளைக்கு வாறேன்னு சொல்லி அனுப்பினதும், வீட்டுக்காரி ஒரு குஞ்சு வாங்கி வளப்பா. அவர் வந்து இறங்குற அன்னைக்குத்தான் அறுப்பு.

பஸ்லி: நல்லா இருக்கே... மெதுவா சொல்லு. போன்ல அது என்ன சத்தம், சேவலா?

நிஷ்மியா: பக்கத்து வீட்டு ஜெயந்தினி அக்காவோடது.

பஸ்லி: பகல் ரெண்டு மணிக்கா கூவுது?

நிஷ்மியா: அதுக்கு நேரங்காலம் இல்ல. நீங்க எழுதுங்க.

பஸ்லி: சொன்ன நாளைக்கு ஆளு வரல்லன்னா?

நிஷ்மியா: அறுக்க மாட்டா. பாத்துட்டு இருப்பா.

பஸ்லி: சேவல் முத்திப் போயிருமே. ரோஸ்ட்டுக்கு ஆகாதே.

நிஷ்மியா: அது அவ கவலை, கார்ட்ல போட வேணாம்... எப்ப இந்த விருந்து?

பஸ்லி: அது... அடுத்த மாசம்.

நிஷ்மியா: அடுத்த மாசம் எப்ப?

பஸ்லி: இந்தக் கறுவா இலையை முதல்ல நெருப்புல வாட்டணுமா?

நிஷ்மியா: என்னங்க.

பஸ்லி: ...பெருநாள் கிழமை.

நிஷ்மியா: ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வாறேன்னீங்க. நாவுல ஊருல இருக்கிற மாமிக்கிட்டயும் சொல்லிட்டேனே.

பஸ்லி: லீவு கேட்டேன், நிஷ்மியா. இந்த விருந்து நல்லா நடந்தா மெயின் குக் ஆக்குறோம்னாங்க... போன கிழமையே சரின்னுட்டேன். உன்கிட்டச் சொல்ல வாய் வரல்ல.

நிஷ்மியா: மாமிக்கு இப்ப என்ன சொல்லட்டும்?

பஸ்லி: எனக்கு மட்டும் வர ஆசை இல்லையா? முழுக்கோழி எப்படி வைக்கிறதுன்னு எனக்குத் தெரியாதா? நீ சொல்லிக் கேக்கணும் போல இருந்துச்சு, அவ்வளவுதான். பாரு, திரும்பவும் கூவுது. ஜெயந்தினி அக்காக்கிட்டச் சொல்லி அந்தச் சேவலை...

நிஷ்மியா: ஜெயந்தினி அக்கா வீட்டுல கோழியே இல்லங்க. இது நம்மளோடது, மூணாவது. போன வருஷம் நோன்புப் பெருநாளைக்கு வாறேன்னீங்க, அப்ப ஒண்ணு வாங்கினேன். பிறகு தங்கச்சி கலியாணத்துக்கு வாறேன்னீங்க, அதுக்கு ஒண்ணு. ரெண்டும் முத்திப் போய், கடைசியில அவிச்சு, குழம்பா, ஆணந்தான் காய்ச்சினேன்... இதையும் ஆணத்துக்குப் போட்டுறவா?