திரும்பிப் பார்க்கக் கூடாது என்றேன்

குழந்தை தூங்கி எழுந்து, வயிறும் நிறைந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் நாங்கள் ஒரு வீட்டுக்குப் போவோம். பசித்த குழந்தையை வைத்துத் தாயை எடைபோட்டால் அது நியாயம் ஆகாது. நியாயம் எனக்கு முக்கியம் சார், உங்கள் விசாரணைக் குறிப்பில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தாயையும் குழந்தையையும் பாயில் உட்காரவைத்து, பொம்மைப் பையைக் கொடுத்து, கொஞ்ச நேரம் விளையாடச் சொல்லிப் படம் எடுப்பேன். குழந்தை தாயின் முகத்தைத் தேடுகிறதா, அவள் பதிலுக்குச் சிரிக்கிறாளா என்று செங்கல்பட்டு அலுவலகத்தில் வேறு இருவர் பார்த்து மார்க் போடுவார்கள். படம் எடுக்கும்போது நான் சுவர் மாதிரி இருக்க வேண்டும். தாய் என்னைத் திரும்பிப் பார்க்கக் கூடாது.

பயிற்சியில் அவரவர் பிள்ளையோடு உட்கார்ந்து பழகச் சொன்னார்கள். என் மகன் அபிஷேக் பொம்மைக் காரை எடுத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கூப்பிட்டும் திரும்பவில்லை. அதைப் பெரிய திரையில் போட்டார்கள். வகுப்பிலேயே குறைந்த மார்க் எனக்குத்தான். “பயிற்சிதானே சுஷ்மிதா” என்றார்கள். பத்து மாதம் சுமந்து பெற்றவளுக்குச் சொல்கிற ஆறுதலா அது?

பிறகுதான் புதுப்பட்டினத்து ஜெசிந்தா. மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்பவள். பிள்ளை இல்லை. யாரோ பெற்றுப் போட்டுவிட்டுப் போன ஜாய்ஸைத் தற்காலிக வளர்ப்புக்கு வாங்கியிருந்தாள். குழந்தையை அவளுக்கே நிரந்தரமாகக் கொடுப்பதா என்று முடிவு செய்ய, குழந்தைகள் நலக் குழுவில் எங்கள் படத்தைக் கேட்டிருந்தார்கள்.

கேமராவைப் பொருத்தும்போதே கவனித்தேன். ஜெசிந்தா இருமினால் அந்தக் குழந்தையும் இருமிக் காட்டியது. அவள் மூக்கைச் சுருக்கினால் அதுவும் சுருக்கியது. பெறாதவளுக்கு இவ்வளவு. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

“நீங்க சொன்னாமாதிரியே குந்திகினு கீறேன் மேடம். திரும்பவே மாட்டேன்” என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

அவளுக்குப் பின்னால், படத்தில் விழாதபடி வாசலோரம் நின்று கன்னத்தை உப்பினேன். புருவத்தை ஏற்றி இறக்கினேன். நாக்கை நீட்டினேன். சத்தம் இல்லை. ஜெசிந்தா நீட்டிய கிலுகிலுப்பையைத் தள்ளிவிட்டு, ஜாய்ஸ் அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

படம் முடிந்த பிறகும் திரும்பாமலே ஜெசிந்தா கேட்டாள். “பாப்பா இன்னாத்த பாத்து சிரிக்குது மேடம்?”

“வெளியே காக்கா” என்றேன்.

அதன் பிறகும் போனேன். கடைசித் தடவை, நான் செருப்பைக் கழற்றும்போதே ஜாய்ஸ் வாசலுக்குத் தவழ்ந்து வந்துவிட்டாள். அன்றைய படத்தில் வளர்த்தவள் பக்கம் அவள் முகமே திரும்பவில்லை. ஜெசிந்தா பொம்மைகளை மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தாள், பிறகு பயந்துபோய்க் குரல் நடுங்கக் கூப்பிட்டாள். அந்த நடுக்கத்துக்கும் மார்க் குறைந்தது. இருவருக்கும் ஒட்டுதல் இல்லை என்று முடிவானது.

குழந்தையை எடுத்துப் போன அன்று ஜெசிந்தா சண்டை போடவில்லை. துவைத்து மடித்த சட்டைகளைப் பையில் வைத்து என்னிடம் கொடுத்தாள். “எம்மேலதான் தப்பு மேடம். எனுக்கு வெளாட்டு காட்டத் தெர்ல” என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. அழுகிறவளிடம் வாதாடுவது எனக்குப் பழக்கமில்லை.

வண்டியில் ஜாய்ஸ் யார் தொட்டாலும் அலறினாள். என்னைப் பார்த்ததும் அடங்கி, கையை நீட்டி மடிக்கு வந்தாள். மதுராந்தகம் வரை என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். அங்கே குழந்தைகள் இல்லத்து வாசலில் என் கழுத்திலிருந்து அவளைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

கடைசிப் படத்தில், ஜெசிந்தா வீட்டுப் பீரோக் கண்ணாடியில் என் உப்பிய கன்னம் தெரிகிறது என்கிறீர்கள். என் முகம்தான் சார். செய்தவள் நான்தான், தெரிந்தேதான் செய்தேன். ஆனால் அந்த வண்டியில் யாராவது எங்களைப் படம் எடுத்திருக்க வேண்டும். செங்கல்பட்டில் எனக்கு முழு மார்க் போட்டிருப்பார்கள்.