கழுத்தில் இருந்த சாவி

என் பெயர், தந்தை பெயர், கதவு எண் ஆகியவற்றை இந்தத் தாளின் மேற்பகுதியில் எழுதியிருக்கிறேன். வயது இருபத்து மூன்று. வணிகவியலில் பட்டம் பெற்றிருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். என் தந்தை பழைய கார்களுக்கு வயரிங் வேலை செய்பவர். வீட்டின் முன்பகுதியே பட்டறை. படிப்பு முடிந்த நாளிலிருந்து அவருடன் வேலை பார்க்கிறேன். நான் சொல்வதை இந்தக் காவல் நிலையத்தின் எழுத்தர் ஐயா எழுதுவதாக இருந்தது. "கேக்கலம்மா, கொஞ்சம் சத்தமா" என்று மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, தாளையும் பேனாவையும் என்னிடமே கொடுத்துவிட்டார். ஆகவே இது என் கையெழுத்து.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் ஐயாவின் சாம்பல் நிறக் கார் பட்டறைக்கு வந்தது. அறுபது வருடங்களைத் தாண்டிய வண்டி. ஓட்டி வந்தவர் டாக்டர் வீட்டு டிரைவர். நிற்கும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் எல்லோரும் அவரை அர்ஜண்ட் என்பார்கள். அவருக்கும் அப்பாவுக்கும் உறவில்லை, ஆனால் இருபது வருடமாக ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிடுகிறவர்கள், அதனால் எனக்கு அவர் மாமா. வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பழைய கார்களின் கண்காட்சிக்கு அந்த வண்டி போக வேண்டும் என்றார். விளக்குச் சுவிட்சை இழுத்தால் டாஷ்போர்டில் நான்கு பல்புகளில் ஒன்று மட்டும் எரிந்தது. இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து துடித்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் ஓட்டினால் ஃபியூஸ் போனது.

"முள்ளு ஆடுற ஆட்டத்தைப் பாத்தா டாக்டர் என்னைப் பெட்ரோல் திருடன்னு முடிவு பண்ணிடுவாரு மச்சான்" என்று மாமா சொன்னார். அப்பா அதற்குள் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். "முள்ளு ஆடினா ஆடட்டும், நீ ஆடாம நில்லு. என் காலை மிதிக்கிற" என்றார்.

நாங்கள் வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். அப்பா கீழே படுத்து ஒவ்வொரு கம்பியாகத் தொடுவார். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சுவிட்சை இழுப்பேன். அவர் "எரியுதா?" என்று கேட்பார். நான் "எரியுது" என்றோ "இல்ல" என்றோ சொல்வேன். நாள் முழுவதும் எனக்கு அந்த இரண்டு சொல் போதும். செவ்வாய், புதன் இரண்டு நாளில் பல்பு மாட்டும் கூடுகளில் துரு ஏறி எர்த் கிடைக்காமல் இருந்ததைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, பாடியில் புதிதாக ஒரு எர்த் கம்பி முறுக்கினோம். நான்கு பல்புகளும் எரிந்தன. முள் நின்றது. ஆனால் ஃபியூஸ் போவது நிற்கவில்லை. எங்கோ ஒரு கம்பி தகரத்தில் உரசி ஷார்ட் ஆகிறது என்று அப்பா சொன்னார்.

அதன் பிறகு, வியாழக்கிழமை காலையில் அப்பா நல்ல ஃபியூஸைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, எரிந்துபோன ஒரு ஃபியூஸின் மேல் சிகரெட் அட்டைக்குள் இருக்கும் வெள்ளித் தாளைச் சுற்றி மாட்டினார். இது சரியான முறை இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நல்ல ஃபியூஸ் என்றால் ஷார்ட் ஆன உடனே எரிந்து போய்விடும், எந்த இடம் என்று தெரியாது. தாளைச் சுற்றினால் எரியாது, உரசுகிற கம்பி சூடாகும், அப்பா விரலால் தடவியே இடத்தைப் பிடித்துவிடுவார். அதற்கு ஈடாக அவர் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். வெள்ளித் தாள் உள்ளே இருக்கும்வரை வண்டிச் சாவி ஆணியில் தொங்கக் கூடாது. கறுப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் கிடக்க வேண்டும். நல்ல ஃபியூஸை மாட்டிய பிறகே சாவி கழுத்தை விட்டு இறங்கும். நான் வேலைக்கு வந்த இந்த இரண்டு வருடத்தில் அது ஒருநாளும் தவறியதில்லை.

மதியம் இரண்டு மணிக்கு அப்பா ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். டாஷ்போர்டுக்குப் பின்னால் தகரத்தில் உள்ள துளை வழியாகக் கம்பிகள் போகும் இடத்தில் ரப்பர் வளையம் உதிர்ந்து, கம்பியின் மேல் சுற்றிய துணி தேய்ந்திருந்தது. டேப் சுற்றினார். "இன்னொரு எடம் இருக்கு. இன்னும் சுடுது" என்றார். அதன் பிறகு, ரப்பர் வளையம் வாங்க இரண்டு தெரு தள்ளியுள்ள கடைக்குப் புறப்பட்டார். போகும்போது, "யார் வந்து கேட்டாலும் குடுக்காத" என்று தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். நல்ல ஃபியூஸ் என் உள்ளங்கையில் இருந்தது.

இரண்டே முக்கால் மணிக்கு மாமா வந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். காதில் போன் இருந்தது. "கிளம்பிட்டேன் ஐயா, வழியிலதான் இருக்கேன் ஐயா" என்று சொல்லிக்கொண்டே திறந்திருந்த பானெட்டை இழுத்து மூடினார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அப்பா எங்கம்மா?" என்றார். கடைக்கு என்றேன். "வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டார். நான் தலையை எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவர் கையை நீட்டினார். ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது. போனில் டாக்டர் ஐயா சத்தம் போடுவது எனக்கும் கேட்டது. நான் கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கினேன். அது என் முடியில் சிக்கியது. "சீக்கிரம்மா, சீக்கிரம்மா" என்றார். நின்று ஒரு வார்த்தை சொல்ல அந்தச் சிக்கல் எனக்கு நேரம் கொடுத்தது. நான் சிக்கலை எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

அதன் பிறகு அவர் வண்டியைக் கிளப்பினார். நான் "ஃபியூஸ்" என்றேன். இஞ்சின் சத்தத்தில் என் காதுக்கே அது எட்டவில்லை. ஆனால் வாய் அசைந்ததை அவர் பார்த்திருக்கிறார். கண்ணாடியை இறக்கி, "என்னம்மா?" என்றார்.

நான் "ஒண்ணுமில்ல மாமா" என்றேன்.

வண்டி போய்விட்டது. ஐந்து நிமிடத்தில் அப்பா வந்தார். வண்டி நின்ற இடத்தைப் பார்க்கவில்லை, முதலில் என் கழுத்தைப் பார்த்தார். ரப்பர் வளையத்தைக் கீழே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். நான் மாமாவின் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அழைத்தேன். வேறு அழைப்பில் இருப்பதாகவே வந்தது.

இனி வருவது நான் பார்த்ததில்லை, அப்பாவும் மாமாவும் சொல்லிக் கேட்டது. வழியில் மழை இருட்டியதால் மாமா விளக்குச் சுவிட்சை இழுத்திருக்கிறார். பாலத்தின் மேல் ஏறும்போது டாஷ்போர்டின் நான்கு பல்புகளும் மங்கி, ஓரத்திலிருந்து புகை வந்திருக்கிறது. ஃபியூஸ் எரிந்து மின்சாரம் நின்றிருக்க வேண்டிய நேரம் அது. வெள்ளித் தாள் நிற்க விடவில்லை. வண்டியை ஓரம் கட்டி, எரிகிற கம்பிகளை வெறும் கையால் பிடுங்கியிருக்கிறார். அப்பா போய்ச் சேர்ந்தபோது காரின் முன்பாதி எரிந்துகொண்டிருந்தது. மாமா இரண்டு கைகளையும் மழையில் நீட்டியபடி சாலையோரம் உட்கார்ந்திருந்தாராம். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்ததாம்.

அன்று மாலை அப்பா வீட்டில் என்னிடம் பேசினார். எனக்கு அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கான உத்தரவு வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. சேர்வதற்கு முன்னால் போலீஸ் நன்னடத்தைச் சான்று கொடுக்க வேண்டும். "கேஸுல உன் பேரு வந்தா எல்லாம் போச்சு. நான் மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. அது உனக்குப் புதுசா என்ன?" என்றார். வெள்ளிக்கிழமை இதே நிலையத்தில், நல்ல ஃபியூஸை மாட்ட மறந்து சாவியைக் கொடுத்தது தான்தான் என்று அவர் வாக்குமூலம் கொடுத்தார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் நான் கற்றுக்கொடுத்தது. அதைத்தான் போட்டிருக்கிறார்.

அதன் பிறகு, சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமாவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கட்டு. அவருடைய மனைவி கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார். "மெதுவா முழுங்குங்க, யாரும் புடுங்கிட்டுப் போகல" என்று அத்தை திட்டினார். போர்வைக்குள் கால் ஆடியது. மாமா என்னைப் பார்த்ததும், "உங்கப்பன் மறந்துட்டான்னு சொல்றாங்க. வீட்டுக்குப் போற வழிய மறந்தாலும் மறப்பான், இத மறக்க மாட்டானே" என்றார். ஒரு வாய் கஞ்சி வாங்கிக்கொண்டார். பிறகு, "அன்னைக்கு நீ ஏதோ சொன்னியே, கண்ணாடிய எறக்கினேனே. என்னம்மா அது?" என்று கேட்டார்.

நான் மறுபடியும் "ஒண்ணுமில்ல மாமா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் எல்லாச் சுவிட்சையும் போட்டு அணைத்துக்கொண்டே நான் நடந்ததாக அம்மா சொன்னார். எனக்கு அது தெரியவில்லை. இன்று காலை அப்பாவை மறுபடி விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். அவர் போன அரை மணி நேரத்தில் நானும் கிளம்பி வந்தேன். வெளியே பெஞ்சில் இருந்த அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர் எந்தப் பக்கம் ஆட்டினார் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

எழுத்தர் ஐயா, "நல்லா யோசிச்சியாம்மா? உன் சான்றுக்கான ஃபைல் என் மேசையிலதான் இருக்கு" என்று அதைத் தொட்டுக் காட்டினார். பச்சைக் கயிறு கட்டி, மேலே என் புகைப்படம் ஒட்டியிருந்தது. இருக்கட்டும் ஐயா என்றேன்.

வெள்ளித் தாளைச் சுற்றியவர் என் தந்தை. அதற்கு அவர் பதில் சொல்வார். கொடுக்காதே என்று சொல்லியும் சாவியைக் கொடுத்தது நான். ஓட்டுநர் கேட்டபோது சொல்லாமல் விட்டதும் நான், இரண்டு முறை. அந்த வண்டியில் மாட்டியிருக்க வேண்டிய நல்ல ஃபியூஸ் அன்றிலிருந்து என் பேனாப் பெட்டியில் இருந்தது. அதன் கண்ணாடிக் குழாய் உடையவில்லை, உள்ளே கம்பி அறுபடவில்லை. இத்துடன் ஒப்படைக்கிறேன்.

இதில் பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறேன், பொய் ஒன்றும் இல்லை. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை, எழுத வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். படித்துக் காட்டுகிறேன் என்று எழுத்தர் ஐயா சொன்னார். நானே படிக்கிறேன் என்று கேட்டு வாங்கி, எழுந்து நின்று, வெளியே பெஞ்சில் இருக்கும் அப்பாவுக்குக் கேட்கும்படி முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தேன். கேக்கல என்று யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு இந்தக் கடைசி வரிகளையும் சேர்த்துக் கையொப்பம் இடுகிறேன்.