சிவப்பு மூடி ஊசி

"ஹலோ... ஹலோ, டாக்டர் ஜெயந்திங்களா? நான் சூசை பேசுறேன், பாயான் பாருவிலேர்ந்து சூசை... ஆமா ஆமா, கிச்சாப்புன்னு கறுப்புப் பூனை இருக்குல்ல, அந்த வீடு, ஐரீன் வீட்டுக்காரரு... டாக்டர், அது தள்ளாடுது லா! நிக்கவே மாட்டேங்குது!"

சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் சூசை. தொழிற்சாலையில் முப்பது வருஷம் மெஷினோடு மல்லுக்கட்டிய மனுஷன், மடியில் ஒரு பூனையை வைத்துக்கொண்டு வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தார்.

"இல்ல, இப்பத்தான்... ஏழு மணிக்கு அதுக்கு ஊசி போட்டேன், இப்ப எட்டரை... ஆமா, இன்சுலின்தான்... தெரியும் டாக்டர், நிறுத்தி ஏழு மாசமாச்சு, நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்க. ஆனா திரும்பச் சீனி ஏறிடுச்சு! நாலு நாளா தண்ணியா குடிக்குது. மண்ணு டப்பா பூரா ஈரம். நேத்து காதுல குத்திப் பார்த்தேன், பத்தொம்பது. இன்னிக்குக் காலையில இருபத்தொண்ணு, ஏழெட்டு இருக்க வேண்டியது... ஆமா, உங்களைத்தான் கேட்டிருக்கணும். எனக்கே இருபது வருஷமா இனிப்பு நீரு. எனக்குத் தெரியாததான்னு நெனைச்சிட்டேன்."

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். சூசை ஒரு பூனையில் தொடங்கியிருந்தார்.

ஐரீன் மூன்று வாரமாகக் கோலாலம்பூரில், மகள் நட்டாலியின் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். பூனைக்கு டின் சாப்பாடு மட்டும்தான் என்று குளிர்பெட்டியில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் போனாள். டின் தீர்ந்ததும் சூசை சோம்பல்பட்டு, பக்கத்துக் கடையில் கிலோ கணக்கில் விற்கும், மாவு நிறைந்த காய்ந்த தீனியை வாங்கிப் போட்டார். பூனை ஆசையாகத் தின்றது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"என்ன மருந்தா? அதோட மருந்து காலாவதியாயிடுச்சுன்னு ஐரீன் எப்பவோ தூக்கிப் போட்டுட்டா. இது என்னோடது... ஆமா, என் பேனா ஊசி மருந்து... இல்ல இல்ல, பேனாவால குத்தல. அந்தக் கிளிக் சத்தம் கேட்டாலே கட்டிலடியில பூந்துக்கும். அதோட பழைய ஊசி மிச்சம் இருந்துச்சுல்ல, சிவப்பு மூடி போட்டது, அதால என் பேனாவிலேர்ந்து உறிஞ்சி... ரெண்டு. ரெண்டு கோடுதான் டாக்டர்! முன்னாடி போட்ட அதே ரெண்டு!... ஹலோ?... தப்பாப் போட்டுட்டேனா?"

பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அஞ்சா?... ரெண்டு எப்படி டாக்டர் அஞ்சாகும்?... ஆங்... அந்த ஊசியில கோடு பூனை மருந்துக்குப் போட்டது... என் மருந்து அதைவிடக் கட்டி... ரெண்டரை மடங்கு... ஐயோ அந்தோணியாரே! கொன்னுட்டேனா டாக்டர்? நானே கொன்னுட்டேனா?... சரி. சரி, அழல, சொல்லுங்க... இல்ல, சாப்பிடல. ஊசி போட்டதும் கோவிச்சிக்கிட்டுப் போயிடுச்சு... தேனா? இருக்கு, இருக்கு!"

எழுந்தபோது தலை கிறுகிறுத்தது. அலமாரியைப் பிடித்துக்கொண்டு தேன் புட்டியை எடுத்தார்.

"மூடி தொறக்க முடியல டாக்டர், கை நடுங்குது, வேர்வையில வழுக்குது... தொறந்துட்டேன். உள்ள ஊத்தக் கூடாது... ஈறுல மட்டும்... தேய்க்கிறேன், தேய்க்கிறேன். கிச்சாப்பு, அப்பாவப் பாரு கண்ணு. தூங்காத... சீனி பாக்கணுமா? இருங்க... ரெண்டு புள்ளி ஒண்ணு... ரொம்பக் கம்மி, தெரியும். இன்னும் தேய்க்கிறேன். வச்சிடாதீங்க டாக்டர், லைன்லயே இருங்க, ப்ளீஸ்."

சூசை செபம் சொல்லத் தொடங்கினார். நாலு வயதிலிருந்து சொல்லிவரும் செபம் பாதியில் நின்றுபோனது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார், அதே இடத்தில் நின்றது. பூனையின் வாய் திறந்தபடி கிடந்தது.

"எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு சொன்னீங்க?... இப்பத்தான் சொன்னீங்களா?... அஞ்சு... சரி... டாக்டர், எத்தனை நிமிஷம்?... ஓ... ஆமா, ஆமா, அஞ்சு... நக்குது! டாக்டர், விரலை நக்குது! தலையைத் தூக்குது!... இருங்க, பாக்கறேன்... மூணு புள்ளி எட்டு! மாதாவே! ஏறுது டாக்டர், ஏறுது!... கொண்டு வந்துடுறேன், இப்பவே காடிய எடுத்துக்கிட்டு... ஏன்? ஏன் ஓட்டக் கூடாது?... நான் நல்லாத்தான் பேசுறேன். வார்த்தையெல்லாம் குழறல... என்ன? எனக்கா? போட்டுட்டேனே. ஏழு மணிக்கு, ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான்... சாப்பாடா?..."

மேசையைத் திரும்பிப் பார்த்தார். ரொட்டி வைத்தது வைத்தபடி இருந்தது. காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது.

"இல்ல, சாப்பிடல... அட, இது பயத்துல வர்ற நடுக்கம் டாக்டர், வேற ஒண்ணுமில்ல... பூனைய விட்டுட்டு நான் எதுக்கு... சரி, சரி, திட்டாதீங்க. குத்தறேன்... கை கழுவிட்டா? சரி... கழுவிட்டேன்."

சீனி பார்க்கும் அதே மெஷின்தான். ஊசியை மட்டும் மாற்றி, விரலில் குத்தினார். எண் வந்தது. பூனையுடைய பழைய எண்ணோ என்று கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

"டாக்டர்... ரெண்டு புள்ளி ஆறு... என்னோடதுதான்."

தேன் புட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

"சாப்பிடுறேன்... கரண்டியே வேணாம், புட்டியோடதான் குடிக்கிறேன்... ரொட்டியும்... ஆமா, கடிக்கிறேன்... பக்கத்து வீட்டுல தனேஷ் இருப்பாரு... கூப்பிடுறேன்... தனேஷ்! தம்பி தனேஷ்! காடிய எடுங்க, சீக்கிரம்!... வர்றாரு டாக்டர். ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வர்றாரு. முதல்ல உங்ககிட்ட, அப்புறம் ஆஸ்பத்திரி... சரி, சரி, முதல்ல ஆஸ்பத்திரி. பூனையத் தனேஷ் உங்ககிட்ட கொண்டாந்து விடுவாரு... டாக்டர், ஒண்ணு கேக்கறேன். இது தள்ளாடலைன்னா நான் உங்களுக்குப் போனே போட்டிருக்க மாட்டேன்ல?... வீட்டுல வேற யாருமில்ல. தலை சுத்துதேன்னு போய்ப் படுத்திருப்பேன். பத்து மணிக்கு ஐரீன் கூப்பிட்டா யாரு எடுத்திரு..."

தேன் அப்பிய கட்டைவிரல் எதிலோ பட்டு, லைன் அறுந்தது.