அவர் சொன்னதாக நான் சொன்னவை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மேடம். நன்றாகவே ஓட்டுவேன். உரிமம்தான் இல்லை. என் கணவர் ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்தவர். அவர் முன்னால் மூன்று முறை ஓட்டிக் காட்டினேன், மூன்று முறையும் ஃபெயில் போட்டார். மூன்றாவது முறை, என்ன குறை என்று வாய்விட்டுக் கேட்டேன். "வண்டியை நிறுத்திட்டுச் சிரிச்ச. சிரிக்கிறதுக்கெல்லாம் மார்க் கிடையாது" என்றார். ஆபீசில் அவருக்குச் சிவப்பு மை என்று பெயர். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு என் எதிரிலேயே சொல்வார்கள்.

ஆஸ்பத்திரியின் விசாரணைக் குழுவிலிருந்து வந்திருக்கிறீர்கள். விஷயத்துக்கு வரச் சொல்லி உங்கள் பேனா மேஜையைத் தட்டுகிறது. வருகிறேன். என்னிடம் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒளித்தவளாக இருந்தால் இத்தனை பேரை வீட்டுக்குள் விட்டிருப்பேனா?

இரண்டரை வருஷம் முன்னால், ஒரு காலையில் அவர் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தார், நிமிரவில்லை. மூளையின் அடித்தண்டில் அடைப்பு என்றார்கள். காது கேட்கும், கண் தெரியும், புத்தி முழுசாக இருக்கும். ஆனால் இமையையும் விழியையும் தவிர எதுவும் அசையாது. கழுத்தில் துளை போட்டு, குழாய் வைத்து, மூச்சு இயந்திரத்தோடு இணைத்தார்கள். நான்கு மாதம் தீவிர சிகிச்சையில் இருந்த பிறகு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். எனக்கு மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். சளி உறிஞ்சுவது, குழாயின் உள்பகுதியைக் கழற்றிக் கழுவுவது, மின்சாரம் போனால் பேட்டரிக்கு மாற்றுவது, அதுவும் போனால் ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுப்பது. கடைசி நாள் தேர்வு வைத்தார்கள். பயிற்சி நர்ஸ் என் முதுகில் தட்டி, "உங்க கை ராசியான கைங்க" என்றார். நான் வாழ்க்கையில் பாஸான முதல் செய்முறைத் தேர்வு அதுதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

முன்னறையைக் காலி செய்து கட்டிலைப் போட்டோம். தலைமாட்டில் இயந்திரம், பக்கத்தில் சளி உறிஞ்சும் கருவி, கைக்கெட்டும் கொக்கியில் ரப்பர் பை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரண்டரை வருஷத்தில் அவர் முதுகில் ஒரு புண் வந்ததில்லை, மேடம். அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். பகலில் ஒரு நர்ஸம்மா வருவார். அவர் வேலையில் கெட்டிக்காரர், பேச்சில் சிக்கனம். நான் வாயாடி. இரண்டு பேருக்கும் நன்றாகவே ஒத்துப்போனது.

அவர் பேசுவதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று இமை. கேள்வி கேட்டால், ஒரு முறை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை. ஆஸ்பத்திரியிலேயே அதை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தார்கள், கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தோம். இன்னொன்று எழுத்துப் பலகை. நான் விரலை வரிசை வரிசையாக நகர்த்த வேண்டும். சரியான வரிசைக்கு வந்ததும் அவர் இமைப்பார். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்து. ஒரு வார்த்தைக்குள் ஐந்து நிமிஷம் போய்விடும். நர்ஸம்மாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மகளுக்கு இரண்டாவது எழுத்திலேயே அழுகை வந்துவிடும். ஆக, பலகை என் கைக்கு வந்தது. நானாகப் பிடுங்கிக்கொள்ளவில்லை.

முதல் தடவை நடந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவருடைய ஆபீஸ்காரர்கள் நான்கு பேர் பஸ் மாறி மாறி வந்து, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் பலகையை எடுத்தேன். அவர் மெனக்கெட்டு ஒரே ஒரு எழுத்தைச் சொன்னார். போ. அவ்வளவுதான். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் வந்த மனுஷர்களிடம் போ என்று எப்படிச் சொல்வது? "போன வாரம் வந்தவங்க பழம் வாங்கிட்டு வந்தாங்களே, நீங்க மட்டும் ஏன் கையை வீசிக்கிட்டு வந்தீங்கன்னு கேக்கறார்" என்றேன். நான்கு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களில் குமாஸ்தாவாக இருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சார், நீங்களா சார் இது" என்று என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டார். என் கணவரால் ஒரு அறை சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்க வேண்டியிருந்தது. மூச்சு இயந்திரத்துக்குச் சின்னவள் என்று அவர் பெயர் வைத்ததாகச் சொன்னேன். "மூத்தவ சமையல்கட்டுக்குப் போனாலும் சின்னவ பக்கத்தை விட்டு நகர்றதில்லையாம்" என்றால் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். இயந்திரம் அலறினால், சின்னவளுக்குக் கோபம் வந்துவிட்டது என்று அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் ஃபெயில் போட்ட ஒருவர்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த மனுஷரிடம் என் கணவர் மன்னிப்புக் கேட்டார். அதாவது, நான் கேட்டேன்.

மகள் விஷயமும் அப்படித்தான். அவள் தன்னோடு வேலை செய்யும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தாள். படுக்கையில் விழுவதற்கு முன்னால் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. இப்போது அவள் பயந்து பயந்து கேட்டாள். பலகையில் அவர் ஆரம்பித்தார். நான் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டேன். "சம்மதமாம். மாப்பிள்ளைக்கு டிரைவிங் தெரியுமான்னு கேக்கறார்" என்றேன். மகள் அவர் மார்பில் முகத்தை வைத்து, "அப்பா, நீங்க இவ்வளவு நல்லவரா ஆயிட்டீங்களே" என்று அழுதாள். இன்றைக்கு அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். அதில் என்ன தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

அவர் கண்ணில் கோபம் தெரியவில்லையா என்று கேட்கிறீர்கள். தெரிந்தது. இருபத்து நான்கு வருஷம் பார்த்த கோபம்தானே? இப்போது அதற்குச் சத்தம் இல்லை. எனக்கு அது பெரிய சௌகரியமாக இருந்தது.

இனி நீங்கள் கேட்க வந்த இடம். வீட்டுக்கு வந்த ஏழாவது மாதம் நுரையீரல் டாக்டர் வந்தார். அருமையான மனுஷர், செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் நுழைவார். ஹாலில் என்னை உட்கார வைத்துச் சொன்னார். ரயிலில் ஆறு மணி நேரத் தூரத்தில் ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களை மெல்ல மெல்ல இயந்திரத்திலிருந்து விடுவிக்கிறார்கள். மூன்று மாதம் அங்கேயே தங்க வேண்டும், வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கலாம். "இவருக்கு நல்ல வாய்ப்பு இருக்கும்மா. பகல் முழுக்கத் தானாவே மூச்சு விடலாம். சிலருக்குக் கொஞ்சம் பேச்சுகூடத் திரும்புது. ஆனா தள்ளிப் போடக் கூடாது. நாளாக நாளாகத் தசை இளைச்சுடும்" என்றார்.

நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். அவர் சம்மதத்தை அவரிடமே கேட்க வேண்டும் என்று டாக்டர் எழுந்தார். அப்போது அந்த ஹாலில்தான் ஒரு விஷயம் சொன்னேன். "டாக்டர், வீட்டுக்கு வந்தப்புறம் நாங்க கணக்கை மாத்திக்கிட்டோம். கண்ணு வறண்டு போறதால ஒரு தடவை தானாவே மூடிக்குது. அதனால ரெண்டு தடவைன்னா ஆமா, ஒரு தடவைன்னா இல்ல." நியாயமாகத்தானே இருக்கிறது? டாக்டரும் தலையாட்டினார்.

உள்ளே போய் அவர் காதருகே குனிந்து, நிலையத்தைப் பற்றிப் பொறுமையாக விளக்கினார். "போறீங்களா?" என்று கேட்டார். என் கணவர் ஒரு முறை, அழுத்தி மூடித் திறந்தார். டாக்டர் கொஞ்ச நேரம் காத்திருந்து அதே கேள்வியைக் கேட்டார். மறுபடி ஒரு முறை. மூன்றாவது தடவையும் கேட்டார். அவர் இமையை இறுக்கி, நெற்றி நரம்பு புடைக்கும்வரை வைத்திருந்து திறந்தார். "எவ்வளவு உறுதியா இருக்கார் பாருங்க" என்றார் டாக்டர். பிறகு அவர் தோளைத் தட்டி, "சரி சார், உங்க இஷ்டம். வீட்லயே நிம்மதியா இருங்க" என்றார்.

அப்போதுதான் என் கணவருக்கு விளங்கியது. இமை படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. ஒன்றா, இரண்டா, பத்தா, எண்ணவே முடியவில்லை. டாக்டர் கவலையோடு குனிந்து பார்த்தார். "நான்தான் சொன்னேனே, வறட்சி" என்று சொட்டு மருந்தை எடுத்தேன். இரண்டு கண்ணிலும் இரண்டிரண்டு சொட்டு. மருந்து உள்ளே தங்க வேண்டும் என்பதற்காக இமைகளை மூடி, மெல்லிய டேப் ஒட்டிவிடுவது எங்கள் வழக்கம். ஒட்டினேன். டாக்டர் கை கழுவி, காபி குடித்து, கிளம்பும்வரை அது அப்படியே இருந்தது. அன்றைக்குக் காபி நன்றாக அமைந்துவிட்டது, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

சுவரில் ஒட்டியிருந்த தாளை டாக்டர் பார்க்கவில்லையா என்றுதானே கேட்கப் போகிறீர்கள். அன்று காலையே அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். டாக்டர் எதற்கு வருகிறார் என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்தார். நர்ஸம்மாவுக்கும் அன்றைக்கு லீவு கொடுத்தேன், பாவம், ஓய்வே எடுப்பதில்லை. அவர் திரும்பி வருவதற்குள் தாள் சுவருக்குப் போய்விட்டது.

அடுத்த ஒரு வருஷம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டர் போனில் கேட்பார். "மனசு மாறலையாம்மா?" "இல்லைங்க டாக்டர், பிடிவாதக்காரர்." பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். நர்ஸம்மாவிடம் என் கணவர் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வலிக்குதா, குளிருதா, டி.வி. போடட்டுமா என்றுதான் அந்தம்மா கேட்பார். அதற்கெல்லாம் சரியாகவே பதில் கிடைத்தது. கேட்காத கேள்விக்கு இமையால் எப்படிப் பதில் சொல்வது? பலகை என்னிடம்தான் இருந்தது. தினமும் காலையில் எடுப்பேன், அவரும் தவறாமல் ஒரே வார்த்தையில் ஆரம்பிப்பார். அ. அடுத்து னு. மகள் பக்கத்தில் இருந்தால், "அனுபவிச்சுக்கிட்டிருக்கேன்னு சொல்றார்" என்பேன். அவளுக்கு அந்த ஜோக் ரொம்பப் பிடிக்கும். அனுப்பு என்று முழுசாகச் சொல்ல நான் ஒரு நாளும் விட்டதில்லை. ஆனால் தினமும் எடுத்தேன், மேடம். ஒரு நாள்கூட அவரைக் கவனிக்காமல் விடவில்லை.

போன மாதம் நர்ஸம்மா முழங்கால் ஆபரேஷனுக்குப் போனார். அவருக்குப் பதிலாக ஆஸ்பத்திரியிலிருந்து வேறொரு நர்ஸை அனுப்பினார்கள். இளம் வயது, அதிகம் சிரிக்காத பெண். நான் குளிக்கப் போன நேரத்தில் பலகையை எடுத்து, "என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டிருக்கிறாள். நான் குளித்து, துணி அலசி, காயப்போட்டு வரும்போது அவள் பலகையோடு நின்றுகொண்டே இருந்தாள். அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது. அவள் நோட்டில் இரண்டே வாக்கியம். ஒன்று: என்னை அனுப்புங்கள். இன்னொன்று: நான் ஜோக் சொன்னதே இல்லை.

எனக்கு உண்மையிலேயே வருத்தமாகப் போய்விட்டது. அத்தனை பேருடைய அன்பையும் ஒரே வரியில் தள்ளிவிட்டாரே.

டாக்டர் வந்தார். இந்த முறை காபி வேண்டாம் என்றார். அப்போதே போயிருந்தால் இந்நேரம் பகல் பொழுதைச் சொந்த மூச்சில் கழித்திருப்பாராம். இப்போது தசை இளைத்துவிட்டது, திங்கட்கிழமை அனுப்பிப் பார்க்கலாம், எந்த உத்தரவாதமும் இல்லையாம். மகள் என்னோடு பேசுவதில்லை. அவள் கல்யாணம் யார் கொடுத்த சம்மதத்தில் நடந்தது என்று ஒரு தடவை யோசித்துப் பார்த்தால் கோபம் தணிந்துவிடும்.

ஏன் செய்தேன் என்று எழுத இடம் விட்டிருக்கிறீர்கள். எழுதுங்கள். அவருக்குப் பேச்சு திரும்பலாம் என்று டாக்டர் சொன்னார், அதனால் செய்தேன். தெரியாமல் இல்லை, தெரிந்தே செய்தேன். அவருடைய மூச்சை நான்தான் தடுத்தேன். பழைய ஆள் எழுந்து வந்தால் யாருக்கு லாபம்? நான் பேச வைத்த ஆளை எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. இருபத்து நான்கு வருஷத்தில் முதல் முறையாக நாங்கள் இரண்டு பேரும் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தோம்.

நேற்று அந்தப் புது நர்ஸ் மறுபடி அவரோடு உட்கார்ந்தாள். உங்கள் மனைவியைப் பற்றி விசாரணையில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாளாம். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அறையை விட்டு வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல், தாளை மடித்து உறையில் போட்டு ஒட்டினாள். உங்கள் கோப்பில் அடியில் இருக்கிறதே, அதுதான். அதைப் பிரிக்க வேண்டாம், மேடம். அவளுக்கு அவரை ஒரு மாதமாகத்தான் தெரியும். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.